அம்மாவின் தையல் தொழிலுக்கு முதல் இணையதளம்: எங்கே தப்புச் செய்கிறேன்?

ஊசிநூல்

வணக்கம். என் அம்மா சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். 19 வருடமாகிறது. சாதா பிளவுஸ், லைனிங் வைத்தது, ஆரி வேலை, பாவாடை தாவணி, சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் உண்டு. இதுவரை ஒருவர் சொல்லி ஒருவர் வந்ததுதான். தீபாவளிக்கு முன்னால் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் மிஷின் சும்மா கிடக்கும். அதனால் ஓர் இணையதளம் வைக்கலாம் என்று நினைத்தேன். நான் கணக்கு வேலை பார்ப்பவள், டிசைன் படித்ததில்லை.

இரண்டு வாரக் கடைசிகளில் உட்கார்ந்து ஒன்றைச் செய்தேன். தங்க நிறப் பின்னணி, மேலே தானாக நகரும் ஐந்து படங்கள், நடுவில் 'உங்கள் அழகுக்கு எங்கள் கைவண்ணம்' என்று அலங்கார எழுத்தில் ஒரு வரி. அந்த எழுத்து இணையத்தில் சரியாக வரவில்லை, அதனால் படமாகவே செய்து போட்டுவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

ஆனால் புதிதாகக் கேட்பவர்களுக்கு இணைப்பை அனுப்பினால், பார்த்துவிட்டு மறுபடியும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் "எவ்வளவு ஆகும்? வீடு எங்கே? ஞாயிற்றுக்கிழமை வரலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். போனில் திறக்கவே நேரமாகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். எதை மாற்றுவது என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்_கேக்

என் மனைவி வீட்டில் கேக் செய்கிறார். இன்ஸ்டாகிராம் மட்டும்தான், ஆர்டர் வந்துகொண்டேதான் இருக்கிறது. படம் காட்டும் தொழிலுக்கு அது போதாதா? வெப்சைட் என்றால் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். யோசித்துச் செய்யுங்கள்.

வெள்ளைப்பலகை

தங்கச்சி, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் அந்த மூன்று கேள்விகள்தான் உங்கள் முகப்புப் பக்கம்.

நான் பல வருடம் புதியவர்களுக்கு வெப் டிசைன் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் வகுப்பில் எல்லாரும் நிறத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நான் கணினியை மூடச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பேன். நீங்களும் அதையே செய்யுங்கள். அம்மாவின் போனை வாங்கி, கடைசி மூன்று மாதத்தில் புதியவர்கள் அனுப்பிய முதல் செய்தியை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். எது அதிகமோ அது பக்கத்தில் மேலே, குறைவானது கீழே. அவ்வளவுதான் வரிசை. இந்தத் தாளை எழுதாமல் செய்த எந்தத் தளமும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் பதில்களை வார்த்தையில் எழுதுங்கள். 'நியாயமான விலை' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சாதா பிளவுஸ் இத்தனை வெள்ளியிலிருந்து, லைனிங் வைத்தால் இவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், தீபாவளி ஆர்டர் எந்தத் தேதியோடு நிறுத்துகிறோம் என்று எண்ணிலேயே சொல்லுங்கள். ஆரி வேலைக்கு ஒரே விலை சொல்ல முடியாது என்றால், மூன்று பிளவுஸ் படத்தைப் போட்டு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கீழே எழுதிவிடுங்கள். பார்ப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இடம் சொல்லும்போது புளோக் எண், பக்கத்து எல்ஆர்டி நிலையம், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் வேண்டும். நம் ஊரில் அந்த ஆறு இலக்கம் பெரும்பாலும் ஒரே கட்டடத்தைக் குறிப்பது. டாக்சியில் ஏறினால் அதைத்தான் கேட்பார்கள். வீட்டு எண்ணை மட்டும் தளத்தில் போடாதீர்கள். தேதி உறுதியானதும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், பெண்கள் மட்டும் இருக்கும் வீடாக இருக்கலாம்.

நகரும் படங்களை எடுத்துவிடுங்கள். தமிழ் வரி ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் படம் மாறிவிடுகிறது. மூன்றாவது படம் வரை யாரும் காத்திருப்பதில்லை. ஐந்து நொடிக்கு மேல் தானாக நகரும் எதற்கும் நிறுத்தும் வழி இருக்க வேண்டும் என்று உலக வலைச் சேர்த்தியத்தின் அணுகல் வழிகாட்டியே சொல்கிறது. உங்களுக்கு நிறுத்தும் பட்டனும் வேண்டாம், நகர்த்தலும் வேண்டாம். அம்மா தைத்ததிலேயே சிறந்த ஒரு பிளவுஸ், பகல் வெளிச்சத்தில் எடுத்தது, அது ஒன்று போதும்.

கடைசியாக ஒரே ஒரு பட்டன்: 'வாட்ஸ்அப்பில் கேளுங்கள்'. நேரடி இணைப்பில் 65 சேர்த்து எட்டு இலக்கம், கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல். பட்டன் விரலுக்கு வாகாக இருக்கட்டும். ஆப்பிள் குறைந்தது 44 புள்ளி (திரையில் நீளம் அளக்கும் அலகு) என்கிறது, கூகுள் 48 என்கிறது. பெரியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி, இன்ஸ்டாகிராமை விட வேண்டாம். ஆனால் போன மாதம் எழுதிய விலை அங்கே இருபது படத்துக்குக் கீழே போய்விடும். கணக்கு இல்லாதவர்களுக்குப் பாதியில் கதவும் சாத்திவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தொழில் செய்பவர்கள் வாசலில் விளம்பரப் பலகை மாட்ட முடியாது. இவர்களுக்கு இந்தத் தளம்தான் பலகை.

உட்லண்ட்ஸ்_கேக்

பலகை என்று நான் யோசிக்கவில்லை. சரிதான். மனைவியிடமும் விலையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

கொம்பும்_காலும்

அந்த அலங்கார வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையே இதில்தான் போனது. அச்சகத்தில் தமிழ்ப் பக்கம் கோத்தவன் நான்.

எழுத்தைப் படமாகப் போடாதீர்கள் அம்மா. 'செங்காங் பிளவுஸ் தையல்' என்று ஒருவர் தேடும்போது தேடுபொறி நம்புவது எழுத்தாக உள்ள எழுத்தைத்தான். படத்தில் உள்ள எழுத்தைப் பார்வையற்றவரின் போன் சரியாக வாசித்துக் காட்டும் என்று நம்ப முடியாது. பெரிதாக்கினால் மங்கும். நாளைக்கு ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் இடம் மாறிப்போகும். புள்ளி தனியாகத் தொங்கும். பேனர்களில் நம் மொழி இப்படி உடைந்து கிடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். பிரவுசரில் எழுத்தாகவே போட்டால் இந்தப் பிரச்சினையே வராது, அதுவே சரியாகக் கோத்துக்கொள்ளும்.

உங்களுக்கு 'இணையத்தில் சரியாக வரவில்லை' என்றால், அது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவை யூனிகோடு அல்ல, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத போனில் முகமூடி கழன்றுவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் கூகுள் எழுத்துருப் பக்கத்தில் இலவசம், எல்லாம் யூனிகோடு. தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் முக்த மலரே போதும். தடிமன் வேறுபாட்டிலேயே தலைப்பு தனியாகத் தெரியும்.

அளவு: ஆங்கிலத்துக்கு 16 பிக்சல் போதும். தமிழில் ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள் அந்த அளவில் நெருங்கிப் போகும். 18 வையுங்கள். வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.7 மடங்கு இருந்தால், மேலே போகும் 'கி'யின் விசிறியும் கீழே இறங்கும் உகரச் சுழியும் இடிக்காது. வரிகளை இரண்டு ஓரமும் நேராக இழுத்துக் கட்டாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். போன் அகலத்தில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி வெற்றிடம் விழும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டுவது, சாய்த்து எழுதுவது இரண்டும் ஆங்கிலத்துக்கு ஆனவை. நமக்கு ஒட்டாது.

பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல்லில் (பக்கத்தை எழுதும் குறிமொழியில்) குறிப்பிட மறக்காதீர்கள். வாசித்துக் காட்டும் கருவி அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

ஊசிநூல்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. நேற்று இரவு அம்மாவின் போனைப் பார்த்து எண்ணினேன். பாதிக்கு மேல் விலைதான். அடுத்தது 'எத்தனை நாளாகும்'. நான் முகப்பில் எழுதியிருந்த 'எங்களைப் பற்றி' பகுதியை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எழுத்துரு பாமினிதான், ஐயா சொன்னது சரி.

இப்போது படங்கள். என்னிடம் 24 படங்கள் இருக்கின்றன, எல்லாம் ஐபோனில் எடுத்தவை. அப்படியே ஏற்றிவிட்டேன். தாமதத்துக்கு அதுதான் காரணமா?

ஈசூன்_கேமரா

அதேதான் அக்கா. ஒரு படம் மூன்று நான்கு எம்பி இருக்கும். 24 படம் என்றால் 80 எம்பி பக்கத்தில் வந்துவிடும். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு யாரும் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

போன் படம் 4000 பிக்சல் அகலம் இருக்கும். உங்கள் தளத்துக்கு 1200 போதும். அந்த அளவுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். ஆரி வேலையில் மணி, கண்ணாடி எல்லாம் நுணுக்கம் என்பதால் ரொம்ப அழுத்திவிடாதீர்கள். குறைத்த பிறகு ஒருமுறை போனிலேயே பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதிவிட்டால் பக்கம் திறக்கும்போது எழுத்துகள் குதிக்காது. கீழே உள்ள படங்களுக்கு, அங்கே போகும்போது மட்டும் இறங்கும்படி வைக்கலாம்.

ஐபோனில் எடுத்தது ஹெச்இஐசி (HEIC) என்ற பட வடிவில் இருக்கலாம். குரோமில் அது தெரியாது. அந்த இரண்டு பேருக்குச் சில படங்கள் வெறும் கட்டமாகத்தான் வந்திருக்கும். போன் அமைப்பில் கேமரா வடிவத்தை எல்லாக் கருவிக்கும் பொருந்தும்படி மாற்றிவிடுங்கள்.

ரொம்ப முக்கியமானது ஒன்று. வீட்டில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு பதிவாகியிருக்கும். வெள்ளைப்பலகை அண்ணன் வீட்டு எண் போடாதே என்று சொன்னதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால், ஏற்றும் முன் அதையும் நீக்குங்கள். படத்தைச் சிறிதாக்கும் பல கருவிகளில் அதற்கும் ஒரு தேர்வு இருக்கும்.

மாலை_நடை

எனக்கு 67 வயது. இரண்டு கண்ணிலும் கண்புரை எடுத்தாயிற்று. டிசைன் எனக்குத் தெரியாது, ஆனால் உன் அம்மாவிடம் தைக்க வருகிற பாதிப் பேர் என் வயதுக்காரர்கள்தான் என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். தங்க நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து எனக்குத் தெரியவே தெரியாது. வெளிர் சாம்பல் எழுத்தும் அப்படித்தான். வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்றால் இன்னும் மோசம். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பேன், பிறகு பேத்தியிடம் கொடுத்துவிடுவேன்.

வெள்ளைப்பலகை

அம்மா சொல்வதை எண்ணிலும் காட்டலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளக்க ஒரு விகிதம் இருக்கிறது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய தலைப்புக்கு 3:1. பிரவுசர்களில் 'கோல்ட்' என்று பெயருள்ள தங்க நிறத்தின் மேல் வெள்ளை வைத்தால் 1.4 தான் வரும். பளிச்சென்ற சிவப்பை வெள்ளையில் எழுதினால்கூட 4ஐத் தொடாது, நம்மவர்கள் 'முக்கியம்' என்றால் உடனே எடுக்கும் நிறம் அது!

தங்கச்சி தங்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதே தங்கத்தின் மேல் மெரூன் எழுத்து வைத்தால் ஏழரைக்கு மேல் வரும். பட்டுப்புடவைக் கரை மாதிரியே இருக்கும், தொழிலுக்கும் பொருந்தும். ஆனால் பக்கம் முழுக்கத் தங்கம் வேண்டாம். தலைப்புப் பட்டைக்கு மட்டும் தங்கம், மற்ற இடமெல்லாம் வெள்ளையில் கரும் எழுத்து. விகிதத்தை அளக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு.

ஜாலான்புசார்

டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. எங்கள் சித்தப்பா சாப்பாட்டு கேட்டரிங் நடத்துகிறார். தளம் செய்துகொடுத்த ஆள் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். மூன்று வருடம் கழித்து அந்த ஆளைப் பிடிக்க முடியவில்லை, புதுப்பிக்கவும் முடியவில்லை. அட்டையிலும் வேனிலும் அச்சடித்த முகவரி ஒரே நாளில் போனது. சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. தயவுசெய்து அம்மா பெயரிலோ உங்கள் பெயரிலோ பதியுங்கள், கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கெடு தேதியைக் காலண்டரில் எழுதுங்கள்.

நம் நாட்டின் டாட் எஸ்ஜி முகவரிகளை எஸ்ஜிநிக் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. பதிந்த பிறகு பொறுப்பாளர் சிங்பாஸ் என்ற அரசின் மின் அடையாளம் வழியாக அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். அந்த மின்னஞ்சலைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் முகவரி முடங்கும். டாட் காம் டாட் எஸ்ஜி வேண்டுமென்றால் வணிகப் பதிவு வேண்டும். வெறும் டாட் எஸ்ஜி உங்களுக்குப் போதும்.

ஊசிநூல்

தமிழிலேயே முகவரி வைக்க முடியும் என்று கேள்விப்பட்டேனே?

கொம்பும்_காலும்

முடியும். '.சிங்கப்பூர்' என்ற முடிவு 2011 முதல் இருக்கிறது. இருப்பதே பெருமைதான். ஆனால் போனில் வாயால் சொல்லும்போதும், தமிழ் விசைப்பலகை இல்லாதவர் தட்டும்போதும் சிரமம். முதலில் டாட் எஸ்ஜி, பிறகு ஆசைக்கு அது.

சட்டப்புத்தகம்

தளத்தில் படிவம் வைக்கப் போகிறீர்களா? பெயர், தொலைபேசி, உடல் அளவு எல்லாம் கேட்டால் அவை தனிப்பட்ட தகவல். 2012ல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சின்னத் தொழிலுக்கும் பொருந்தும். எதற்காக வாங்குகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லுங்கள், தேவையில்லாததைக் கேட்காதீர்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கூடாது; சட்டம் கேட்கச் சொன்னாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டிய இடத்திலோ தவிர அதை வாங்கக்கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. வாடிக்கையாளர் பிளவுஸ் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தைப் போட அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முகம் இல்லாவிட்டாலும் கேட்பது நல்லது.

தெம்பனிஸ்77

ஒரு மாற்றுக் கருத்து. நம் பிள்ளைகள் தலைமுறை ஆங்கிலத்தில்தான் தேடும். சீன, மலாய்த் தோழிகளும் கல்யாணத்துக்குப் புடவை கட்ட பிளவுஸ் தைக்க வருகிறார்கள். தமிழ்த் தளம் எதற்கு? ஆங்கிலம் மட்டும் போதுமே, வேலையும் பாதி.

கொம்பும்_காலும்

1997 மே மாதம் தமிழ்நெட் 97 என்ற இணையத் தமிழ் மாநாடு நடந்தது இந்த ஊரில்தான். அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி ஐயா இங்கே ஆசிரியர்களுக்குக் கற்பித்தவர். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படிக்க, முதலில் அந்தப் பக்கத்துக்கென்றே ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். எழுத்தைக் கணினிக்குச் சொல்லும் குறியேற்றம் பக்கத்துக்குப் பக்கம் வேறு. இன்று ஒன்றும் செய்யாமலே எல்லாப் போனிலும் தமிழ் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு தமிழ் எதற்கு என்று கேட்டால் எனக்கு மனம் கேட்கவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் வேண்டும், ஆனால் தனித்தனிப் பக்கமாக, ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரியோடு. ஒரே பக்கத்தில் வரிக்கு வரி மாற்றி எழுதினால் இருவரும் பாதியைத் தாண்டிக் குதித்துத்தான் படிக்க வேண்டும். மொழி மாற்றும் பட்டனில் கொடிப் படம் வைக்காமல் மொழியின் பெயரையே எழுதுங்கள். அப்புறம், தமிழ்ப் பக்கத்தை இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்க்காதீர்கள். அம்மாவிடம் "இதை வந்தவங்களுக்கு எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதுங்கள்.

தெம்பனிஸ்77

தனித்தனிப் பக்கம் என்றால் ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஒன்றின் விலையை மாற்றினால் இன்னொன்றிலும் மாற்ற வேண்டும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஊசிநூல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முழுவதையும் கலைத்துவிட்டு ஒரே பக்கமாகச் செய்தேன், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மேலே ஒரு பிளவுஸ் படம், அடுத்து விலை, எத்தனை நாள், எங்கே, எப்போது. கீழே பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் கூலி எழுதியிருக்கிறேன். விலையை வெளியே போடுவதா என்று அம்மா முதலில் தயங்கினார். பக்கத்து வீட்டு அக்கா "அப்ப பேரம் பேச மாட்டாங்க" என்றதும் சரி என்றார். படிவம் வைக்கவில்லை, வாட்ஸ்அப் மட்டும்.

புளோக் கீழே உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் போனைக் கொடுத்து, 'லைனிங் பிளவுஸ் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் நின்றேன். உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவருடைய சொந்தப் போனில் எழுத்தளவு உச்சத்தில் இருக்கிறது. அதில் 'அளவெடுக்க முன்பதிவு செய்யுங்கள்' என்ற பட்டனில் கடைசிச் சொல் வெட்டுப்பட்டுப் போகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

கொம்பும்_காலும்

பட்டனுக்கு உயரத்தைப் பிக்சலில் கட்டிவைத்திருப்பீர்கள். அந்த எண்ணை எடுத்துவிட்டு, எழுத்தைச் சுற்றி உள்விளிம்பு (எழுத்துக்கும் பட்டன் ஓரத்துக்கும் நடுவில் உள்ள வெற்றிடம்) மட்டும் கொடுங்கள், அதையும் எழுத்தளவின் மடங்காக. எழுத்து பெரிதானால் பட்டனும் வளரும், இரண்டு வரியாக மடங்கினாலும் பரவாயில்லை. சொல்லையும் குறைக்கலாம். அம்மா அதை எப்படிச் சொல்வார்?

ஊசிநூல்

கேட்டேன். "அளவு கொடுக்க வாங்க" என்றார். அதையே போட்டுவிட்டேன், உயரத்தையும் எடுத்துவிட்டேன். பெரியம்மா போனில் முழுதாகத் தெரிகிறது. நேற்று பொங்கோலிலிருந்து ஒருவர் அந்தப் பட்டனை அழுத்தி, "சனிக்கிழமை நாலு மணிக்கு வரட்டுமா?" என்று மட்டும் கேட்டிருந்தார். விலையை அம்மாவே மாற்றிக்கொள்ளும்படி இன்று இரவு சொல்லிக்கொடுக்கப் போகிறேன், இரண்டு பக்கத்திலும்.